திருத்தாமல் விட்ட ஒரு செய்தி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மணல் மாதிரி இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த எழுத்துப் போடுவது என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். மகள் இதைப் பார்த்து வேறொரு நோட்டுக் கொப்பியில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எழுத்தையெல்லாம் நீ திருத்து, விஷயத்தில் ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. யாராவது ஏதாவது கேட்டால் என் செருப்பைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்லுவேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் யாருடைய பெயரையும் எழுதமாட்டேன். ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

நான் எழுதப்போவது மாமியைப் பற்றி. சொந்தமில்லை. கற்பிட்டிக்கு அப்பால், கடற்கரையோரம் அவருக்கு மீன் வெட்டிக் காயப்போடும் ஒரு கருவாட்டு வாடி இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் போய்ச் சேர்ந்தது அங்கேதான். வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவரை மாமி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். புருஷன் கலியாணம் முடித்த சில வருஷத்திலேயே மவுத்தாகிப் போய்விட்டார். பிள்ளை இல்லை. உயரமான மனிசி, ஒல்லி. தலையில் போட்ட துணியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மீன் வெட்டுவார். நுனியை விட்டாரென்றால் யாருக்கோ பேச்சு விழப்போகிறது என்று அர்த்தம்.

எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் மாமியிடம் இரண்டு கேள்வி இருந்தது. ஆரு கண்டது? எண்டைக்கு?

“மாமி, மன்னார்ப் பக்கம் கட்டா மீனுக்கு வெல ஏறிட்டாம்.”

“ஆரு கண்டது?”

“சனம் கதைக்கிது மாமி.”

“சனத்துக்குப் பேரில்லயா? எண்டைக்கு ஏறின?”

இதற்குப் பதில் சொல்ல ஏலாதவன் பிறகு அந்தச் செய்தியை வாயில் எடுக்க மாட்டான். பக்கத்து வளவில் நிக்காஹ் பேசியாயிற்று என்பார்கள், மாமி நேரே அந்த வீட்டுக்கே போய், “பேசினது மெய்யா?” என்று கேட்டுவிட்டு வருவார். பெண் வீட்டாருக்கு மூஞ்சி கறுத்துவிடும். மாமிக்கு அதெல்லாம் கணக்கில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் அவருக்கு ‘திருத்தம்’ என்று பட்டம் வைத்திருந்தார். ரேடியோச் செய்தியில் பிழை போனால் ‘ஒரு திருத்தம்’ என்று மறுபடி வாசிப்பார்களே, அதிலிருந்து வந்தது. மாமியின் தலை தெரு முனையில் தெரிந்தால் போதும், “அந்தா, திருத்தம் வருது. புளுகுறவன் எல்லாம் வாயக் கழுவிக்கிட்டு வாங்கடா” என்பார். மாமிக்கும் அது தெரியும். “எனக்குப் பட்டம் வெச்சது கெடக்கட்டும், உன்ட தேத்தண்ணியில பால் எங்க எண்டு செல்லு” என்பார்.

சிரிப்பாக இருந்ததையே எழுதிக்கொண்டு போகக்கூடாது. ஒருதரம் காற்றில் எங்கள் பக்கத்துப் போட் ஒன்று காணாமல் போயிற்று. இரண்டு பேர் போயிருந்தார்கள். அடுத்தநாள் மீன் ஏற்ற வந்த லொறிக்காரன், ஆட்கள் வடக்கே கரையேறி இருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை என்று சொன்னான். ஊரே அந்த வீடுகளுக்கு ஓடிற்று. பெண்கள் அழுகையை விட்டுச் சிரித்தார்கள். யாரோ அடுப்பு மூட்டினார்கள். மாமி மட்டும் லொறியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீ கண்டியா?”

“எனக்கு வழியில ஒருத்தன் சொன்னான்.”

“அவன் கண்டானா?”

அவன் லொறியை ஸ்டார்ட் பண்ணினான். மாமி அடுப்பு மூட்டிய வீட்டுக்குப் போய், “ஆக்கினதப் பிள்ளையளுக்குக் குடுங்க. ஆனா சந்தோசப்பட அவசரப்படாதீங்க. கண்டவன் ஒருத்தனும் இல்ல” என்றார். ஒரு பெண் எழும்பி, “உனக்குப் புள்ள இல்ல, புருஷன் இல்ல. அதுதான் மத்தவள்ட வயிறு குளிர்றது பொறுக்கல்ல” என்று மாமியின் முகத்துக்கு நேரே சொன்னாள். மாமி திரும்பி வந்துவிட்டார். அடுத்த நாளும் கடந்த பிறகு தெற்கே ஒரு கரையில் இரண்டு ஜனாஸாவும் ஒதுங்கின. மாமி போய் அந்த வீட்டு முற்றத்தைக் கூட்டினார், தண்ணீர் சுமந்து ஊற்றினார். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் வாயில் ஒரு சொல் வரவில்லை. ஆனால் ஏசிய அந்தப் பெண், அவர் சொன்னதால்தான் அப்படி நடந்தது போல, கடைசி வரை அவருடன் பேசவேயில்லை.

இப்படிப்பட்ட மனிசி ஒரு விஷயம் சொன்னார். அதை மட்டும் ஊரில் யாரும் நம்பவில்லை.

அந்தக் காலத்தில் கொழும்பு ரேடியோவில் ஓர் அறிவிப்பாளர் இருந்தார். வயதில் பெரியவர்களுக்கு அவருடைய குரல் இப்போதும் ஞாபகம் இருக்கும். ஆட்களைக் கூப்பிட்டு வைத்துக் கதை கேட்பார், கேள்வி கேட்டுப் பரிசு கொடுப்பார், இடையில் பாட்டுப் போடுவார். பிறகு டீவி வந்தபோது அதிலும் வந்தார். அவர் தன்னுடைய நானா, கூடப்பிறந்த அண்ணன் என்று மாமி சொல்லுவார்.

ஊர் நம்பாததற்குக் காரணம் இருந்தது. அறிவிப்பாளர் வைத்துக்கொண்ட பெயர் வேறு. மாமியின் குடும்பம் ஆதியில் எங்கள் ஊரில் இருந்ததுமில்லை. களப்பில் ஒரு சின்னத் தீவில் இருந்து, பிறகுதான் இங்கே வந்தவர்கள். அந்தத் தீவில் இப்போது காகமும் உப்புப் பற்றையும்தான். அந்த நாளில் அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிப் போய்விட்டார்கள். அறிவிப்பாளர் ஒருநாளும் இந்தப் பக்கம் வரவுமில்லை, இந்தப் பக்கத்தின் பெயரைச் சொன்னதுமில்லை. “ரேடியோக்காரருக்குத் தங்கச்சி கருவாட்டு வாடியிலயா?” என்று சிரிப்பார்கள். “இருந்தா மட்டும் என்ன, நாத்தம் கொழும்புக்கு வந்திரும் எண்டு பயந்திருப்பாரு” என்பார்கள்.

கருவாடு சுற்ற நாங்கள் பழைய பேப்பர் வாங்குவோம். அதில் அறிவிப்பாளரைப் பற்றி ஏதாவது வந்திருந்தால் நான் எடுத்து வைத்து வாசித்துக் காட்டுவேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மாமி கத்தியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

“கொழும்பில் பிறந்தவர்…”

“பொய். தீவுல. மண் தரையில.”

“பெற்றோருக்கு ஒரே பிள்ளை…”

“அப்ப நான் ஆரு, கடல்ல ஒதுங்கினதா?”

“சிறுவயதிலேயே தாயை இழந்தார்…”

மாமி தலைத்துணியின் நுனியை விட்டார். “உம்மா அவர்ட குரலக் கேட்டுக் கேட்டுத்தான்டா கெழவியானா.”

“இளம் வயதில் அச்சகமொன்றில் வேலை செய்தபோது ஏற்பட்ட விபத்தில் இடது கையின் விரல்களை இழந்தபோதும், மனம் தளராமல்…”

“ம். அடுத்ததை வாசி.”

எத்தனையோ பேப்பர் வாசித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அந்த அச்சகக் கதை இருக்கும். கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர் என்று காட்ட அதைத்தான் எழுதுவார்கள். மற்ற ஒவ்வொரு வரிக்கும் சண்டைக்கு நிற்கும் மாமி, அந்த வரிக்கு மட்டும் “ம்” என்று மட்டும் சொல்லுவார். அதனால் அது உண்மை என்று நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு போட்டிலிருந்து மீன் இறக்கிக்கொண்டிருந்தேன். கூடைக்குள் திருக்கை ஒன்று உயிரோடு கிடந்தது தெரியாமல் கையை விட்டுவிட்டேன். வால் முள் உள்ளங்கையில் ஏறியது. பட்டவனுக்குத்தான் அது தெரியும். கை தோள் வரைக்கும் கடுக்கிறது, நெஞ்சு அடைக்கிறது. எங்கள் பக்கம் இதற்கு ஒரே வைத்தியம் வெந்நீர். கையைச் சூட்டில் பிடித்தால் கடுப்பு இறங்கும், எடுத்தால் ஏறும். இது கரையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். பையன்கள் ஓடிப்போய்ப் பானையோடு தண்ணீரைக் கொண்டுவந்து வாளியில் ஊற்றினார்கள். என் கையைப் பிடித்து அமுக்கப் போனார்கள்.

மாமி பாய்ந்து வந்தார். அப்படி ஓடி நான் அவரைக் கண்டதில்லை. பிடித்தவனின் கையைத் தட்டிவிட்டார்.

“ஆரு பாத்த சூடு? உன்ட கையப் போட்டுப் பாத்தியா?”

“மாமி, அவன் தாங்குவான்…”

“அவன்ட கைக்குச் சூடு தெரியாதுடா! நோவுதான் தெரியும். அவன் தாங்குவான், தோல் தாங்குமா?”

பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கலந்தார். தன் கையை முதலில் விட்டுப் பார்த்தார். பிறகு என் கையை உள்ளே வைத்து, பக்கத்திலேயே தன் கையையும் வைத்துக்கொண்டார். கடுப்பு இறங்கிற்று. தண்ணீர் ஆறினதும் கடுப்பு திரும்பிற்று. நான் வெட்கத்தை விட்டு, “சூடு போடுங்க மாமி, இன்னும் போடுங்க” என்று கத்தினேன். கொஞ்சம் ஊற்றுவார், தன் கை பொறுக்கிற அளவில் நிறுத்துவார். நான் ஏசினேன். அழுதேன். அவர் அசையவில்லை. பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அவருடைய கை என் கையோடு வாளிக்குள்ளேயே கிடந்தது. எடுத்தபோது இரண்டு கையும் சிவந்து சுருங்கி ஒரே மாதிரி இருந்தன.

எல்லாரும் போன பிறகு அவர் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்துச் சொன்னார்.

“நானாக்கும் திருக்கைதான். வாப்பா கடலுக்குப் போயிட்டாரு. தீவுல வேற ஆம்பள இல்ல. உம்மா வெந்நியில கையப் புடிச்சா. ஆறுற நேரம் நானா கத்துவாரு, ‘சூடு உம்மா, சூடு’ எண்டு. உம்மா ஊத்துவா. அடுப்புக்குச் சுள்ளி தள்ளினது நான். அவரு கத்துறத நிப்பாட்டினதும் உம்மா அல்ஹம்துலில்லாஹ் எண்டா. விடியக் கட்டியிருந்த சீலையப் பிரிச்சா, தோல் சீலையோட வந்திட்டு. மறுகா விரல் ரெண்டு கறுத்துப் போச்சு. மத்தது மடங்கிப் போச்சு.”

நான் வாளியைப் பார்த்தேன்.

“வாப்பா வந்து கண்டாரு. அண்டையிலருந்து சோத்துக்கு இருக்கக்குள்ள, அந்தக் கையத் தூக்கி உம்மாக்குக் காட்டுவாரு. ‘இந்தா, நீ செஞ்ச வேல’ எண்டுவாரு. உம்மா எழும்பிப் போயிருவா. நானா கைய உடுத்த சறத்துக்குள்ள மறச்சுக்கிட்டுச் சாப்பிடப் பழகினாரு. பெறகு ஒருநாள் உப்புத் தோணியில ஏறிப் போயிட்டாரு. உம்மாக்குக் கோவிச்சுப் போகல்ல. கையக் கண்டா உம்மா அழுவா. அதுக்குத்தான் போனாரு.”

பேப்பரில் அச்சகம், பிரஸ் என்கிறார்களே என்று கேட்டேன்.

“அது அவரு செஞ்ச கதை. கேக்குறவனுக்கு என்னத்தச் செல்லுற? எங்க உம்மா அவிச்சிட்டா எண்டா செல்லுற?”

அன்றைக்குத்தான் அந்த “ம்” எனக்கு விளங்கிற்று.

அந்த உம்மாவை நான் கண்டதில்லை. மாமி சொல்லித்தான் தெரியும். ரேடியோ வைத்திருந்த ஒரு வீட்டு வேலியோரம் போய்க் குந்தியிருப்பாராம். உள்ளே வரச் சொன்னாலும் போகமாட்டாராம். மகன் பேசி முடிகிற வரைக்கும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்குமாம். “ரேடியோவுல கை தெரியாதே” என்றார் மாமி.

பிறகு டீவி வந்தது. ஊரில் ஒரு கடைக்காரர் வாங்கினார். உம்மாவுக்கு அப்போது கண்ணும் சரியில்லை. மாமி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அறிவிப்பாளர் கோட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். வலது கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். இடது கை மேசைக்குக் கீழே. எல்லாரும் அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். உம்மா முகத்தைப் பார்க்கவேயில்லையாம். மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். நிகழ்ச்சி முடிந்ததும் மகளிடம், “இன்னும் மறைக்கிறான்” என்றாராம். அதற்குப் பிறகு ரேடியோவுக்கும் போகவில்லை. அந்த மாரியிலேயே மவுத்தாகிவிட்டார். கொழும்புக்குத் தந்தி அடித்தார்கள். யாரும் வரவில்லை. தந்தி அவருடைய கையில் கிடைத்ததா என்று மாமிக்குக் கடைசி வரை தெரியாது. தெரியாததால், நானா வரவில்லை என்று அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. “தந்தி கெடச்சத ஆரு கண்டது?” என்பார்.

அறிவிப்பாளரும் வயதாகி மவுத்தானார். டீவியில் சொன்னார்கள். கொழும்பில் பிறந்தவர், ஒரே பிள்ளை என்று மறுபடி சொன்னார்கள். மாமிக்கு அதற்குப் பிறகு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவருக்கு இந்தக் கரையில் ஓர் உம்மா இருந்தா, ஒரு தங்கச்சி இருந்தா என்று டீவியிலோ ரேடியோவிலோ ஒருதரம் சொல்லவேண்டும். சொத்துக்கோ பெருமைக்கோ இல்லை. பிழையாகச் சொன்னதைச் சரியாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். கொழும்புக்குப் போகிற ஆட்களிடமெல்லாம் சொல்லி அனுப்புவார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறியதும் சிரிப்பார்கள்.

வருஷக்கணக்கில் இப்படிச் சொல்லியனுப்பியதில் எது யாருடைய காதில் விழுந்ததோ தெரியாது. ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். கூட கமரா தூக்கிய ஒருவர். பழைய அறிவிப்பாளர்களைப் பற்றி டீவிக்கு ஒரு நிகழ்ச்சி செய்கிறார்களாம். பேப்பரில் வந்ததெல்லாம் சரியா பிழையா என்று விசாரித்துப் பார்ப்பது அவளுடைய வேலை. வாடிக்குள் வந்து, மூக்கைப் பொத்தாமல், கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில் உட்கார்ந்தாள்.

“அம்மா, நீங்க அவரோட தங்கச்சி எண்டு சொல்லுறீங்க. அத உங்களத் தவிர வேற யாருக்குத் தெரியும்? அந்தத் தீவுல கடைசியா நீங்க எந்த வருஷம் இருந்தீங்க? நீங்க கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க, கேள்விப்பட்டது வேணாம்.”

மாமியின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். தாகத்தில் கிடந்தவருக்குத் தண்ணீர் காட்டினது போல இருந்தது. தன்னைப் போலக் கேள்வி கேட்கிற ஓர் ஆளை அவர் அதுவரை கண்டதில்லை. “இதுதான் புள்ள! கேட்டியாடா, ‘கண்ணால பாத்தது’ எண்டு கேக்குது!” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தானே எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினார்.

நிறையக் கதைத்தார்கள். நானாவின் முதல் பெயர், வாப்பாவின் தோணி, நானா பாண் தின்பதென்றால் உயிரை விடுவது, தூங்கும்போது பல்லைக் கடிப்பது. அந்தப் பிள்ளை சிலதுக்குத் தலையாட்டினாள். அறிவிப்பாளரின் மகள் வெளிநாட்டில் இருக்கிறாளாம், அவளோடு பேசிவிட்டுத்தான் வந்தாளாம். பாணும் பல்லும் அந்த மகள் சொன்னதோடு ஒத்துப்போகின்றன என்றாள். “ஆனா அது நிறையப் பேருக்கு இருக்கிற பழக்கம் அம்மா. வேற ஊர்லயும் ஒரு குடும்பம் அவர் தங்கட ஆள் எண்டு சொல்லுறாங்க. எழுத்துல ஒண்டும் இல்லாதபடியா, வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்டு வேணும்.”

“கேளு மகள்.”

“அவருக்குக் கையில எப்பிடிக் காயம் வந்தது?”

நான் கருவாட்டுக் கட்டைக் கீழே வைத்தேன்.

மாமி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். “பேப்பர்ல போட்டிருக்கே.”

“நீங்க சொல்லுங்க அம்மா.”

“பிரஸ்ல. மெசின்ல அடிபட்டது.”

அந்தப் பிள்ளை கமராக்காரரைப் பார்த்து அதை நிறுத்தச் சொன்னாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அம்மா, அவர் ஒரு பிரஸ்லயும் வேலை செய்யல்ல. மகளுக்கு அவரே சொல்லியிருக்கார், அந்தக் கதை பொய்யெண்டு. எப்பிடி வந்தது எண்டு சொல்ல மாட்டன் எண்டுட்டாராம். ஆனா அது அடிபட்ட காயமே இல்ல எண்டு டொக்டரும் சொல்லியிருக்கார். அதாலதான் கேட்டன். அவசரமில்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சரியாச் சொன்னா, எனக்கு வேற ஒண்டும் வேணாம்.”

மாமி இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டு திரிந்தது அவருடைய முன்னால் வந்து பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொல் போதும். அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்து, “உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” என்றாள். மாமியும் என்னைப் பார்த்தார். அவர் எனக்கு எத்தனையோ முறை ஏசியிருக்கிறார். அந்தப் பார்வை அப்படியில்லை. கெஞ்சினார்.

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டினேன்.

“எனக்குத் தெரியா மகள்” என்றார் மாமி.

அந்தப் பிள்ளை தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். மாமியின் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. மாமியாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

அவர்கள் வந்த வான் வண்டி போன பிறகு நான் கேட்டேன். “ஏன் மாமி சொல்லாம விட்டீங்க? உம்மா மவுத்தாகி எத்தின காலம். நானாவும் இல்ல. இப்ப ஆருக்கு வெக்கம்?”

“சொன்னா என்னத்தப் போடுவாங்க டீவியில? ‘கைய அவிச்ச தாய்’ எண்டு போடுவாங்க. ஊரெல்லாம் பாக்கும். என்ட உம்மாட பேர் ஒருக்காவும் ரேடியோவுல வரல்லடா. வந்தா இதுக்கா வரணும்?”

அப்புறம், மீன் கத்தியை எடுத்துக்கொண்டு, “நானா சாகுமட்டும் மேசைக்குக் கீழ வெச்சிருந்தத நான் எடுத்து மேல வெக்கிறதா?” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

நிகழ்ச்சி டீவியில் வந்தது. தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். மாமியும் வந்து வாசலில் நின்றார். அவருடைய முகத்தைக் காட்டவில்லை. அறிவிப்பாளரின் பிறந்த இடமும் பெற்றோரும் இன்னும் சரியாகத் தெரியவரவில்லை என்றார்கள். கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு மூதாட்டி உறவு கோருகிறார், ஆனால் அவர் சொன்ன முக்கியமான விபரம் உண்மையோடு பொருந்தவில்லை என்றார்கள். அவ்வளவுதான்.

யாரோ ஒருவன், “மாமி, ஒரு திருத்தம் செல்லுங்களே!” என்றான். கடை முழுதும் சிரித்தது. பட்டம் வைத்த கடைக்காரர் மட்டும், “சும்மா இருங்கடா” என்றார். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அந்த இரண்டு கேள்வியையும் கேட்கவில்லை. விலை ஏறிவிட்டது என்றால், “சரி” என்பார். போட் ஆட்களைக் கண்டுவிட்டார்களாம் என்றாலும், “சரி” என்பார். பழைய பேப்பரை எடுத்து வாசிக்கப் போனால், “விடு, அவங்களுக்குத் தெரியும்” என்பார். நான் வேண்டுமென்றே ஒருநாள் புளுகிப் பார்த்தேன். கற்பிட்டிக் கோட்டைக்குள் யானை வந்து நிற்கிறதாம் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். பல்லில் இருந்த துணியை விடப்போகிறார் என்று ஆசையோடு நின்றேன். “சரி” என்றார். திருக்கை குத்தியபோதும் எனக்கு அப்படி வலிக்கவில்லை.

இந்த வருஷம் அவர் மவுத்தானார். காய்ச்சல் என்று படுத்தார், பிறகு எழும்பவில்லை. ஜனாஸா அறிவித்தலுக்கு விபரம் கொடுக்க ஆள் இல்லை. என்னைப் பள்ளிவாசலுக்கு அனுப்பினார்கள். பாங்கு சொல்லுகிற மோதினார் மைக்குக்குப் பக்கத்தில் இருந்தார்.

“வாப்பாட பேர்?”

சொன்னேன்.

“புருஷன்ட பேர்?”

அதையும் சொன்னேன்.

“சகோதரம் ஆரும் இருந்தாங்களா?”

“ஒரு நானா. மவுத்து.” தீவில் வைத்த பெயரைச் சொன்னேன். மாமி அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பெயர், ரேடியோப் பெயரில்லை. மோதினாருக்கு அது யாரென்று தெரியாது. சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

“உம்மாட பேரையும் போடுங்க” என்றேன்.

“அது வழக்கமில்லயே. வாப்பாட பேர் போதும்.”

எனக்கு வாய் வராது என்று முதலிலேயே சொன்னேன். அன்றைக்கும் செருப்பைப் பார்க்கத்தான் போனேன். பள்ளிவாசலுக்குள் செருப்பு இல்லை. வெறும் கால்தான் இருந்தது. “போடுங்க ஹஸரத். போடாம நான் போக மாட்டன்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுதினார்.

ஒலிபெருக்கியில் வந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் சகோதரியுமான இன்னார் வபாத்தானார் என்று வந்தது. எல்லாப் பெயரும் சரி. கரை முழுதும் கேட்டிருக்கும். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தி, ‘திருத்தம்’ மவுத்தாம் என்றார்கள். அந்த உம்மா யார், அந்த நானா யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்தோம்.

சுற்றி நின்றவர்களில் ஒருவர், “நல்ல மனிசி. அந்த ஒரு பொய்யச் சொல்லாம இருந்திருக்கலாம்” என்றார். அதற்குப் பதில்தான் இந்தக் கொப்பி. மாமி ஒரே ஒரு பொய் சொன்னார் என்பது உண்மைதான். ஆனால் அது எந்தப் பொய் என்று ஊருக்குத் தெரியாது. இதில் பெயரைப் போட்டால் அந்த உம்மாவைக் காட்டிக்கொடுத்தது ஆகிவிடும். பெயர் இல்லாத ஒரு தாயை யாரும் விரல் நீட்டிக் காட்ட ஏலாது. அதனால்தான் யாருடைய பெயரும் இதில் இல்லை.

இனி, மாமி இருந்தால் கேட்கிற கேள்வி இரண்டு. ஆரு கண்டது? வாளிக்குள் அவருடைய கை என் கையோடு கிடந்ததைக் கண்டது நான். பெட்டியில் இருந்த அந்தப் பிள்ளையிடம் தெரியாது என்று அவர் சொன்னதைக் கேட்டது நான். மற்றது அவர் வாயால் எனக்குச் சொன்னது.

எண்டைக்கு எழுதினது?

2025 ஒக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை.